பட்டறையில் இல்லாத சூளை: ஏஐ எழுதிய பாடத்தை வகுப்பு திருத்திய விதம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வெப்பம் நடத்தும்போது, நம் ஊர்ப் பொருள் ஒன்றை வைத்து ஒரு துணைப் பாடம் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. காரைக்குடிப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாண வீட்டிலோ, கோயில் மண்டபத்திலோ ஆத்தங்குடிக் கல்லில் (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) வெறுங்காலோடு நடக்காத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. அந்தக் கல் எப்படிச் செய்யப்படுகிறது, கால் வைத்தால் ஏன் சில்லென்று இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும், பாதி வெப்பப் பாடமே அதற்குள் வந்துவிடும்.

பாடத்தை ஏஐ கருவியைக் கொண்டு எழுதவைத்து, அதை வகுப்பே சோதித்துத் திருத்துவது என்று முடிவு செய்தேன். செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு பொருளை வைத்து இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

முதலில் போட்ட வேலி

பிள்ளைகள் யாரும் ஏஐ கருவியில் கணக்குத் தொடங்கக் கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு வயது 13, 14. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளைகள் இந்தக் கருவிகளைத் தாமாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதலும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், வீட்டில் இருப்பது அப்பாவின் போனோ அம்மாவின் போனோதான். அதில் பிள்ளை எதைத் தட்டச்சு செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஆகவே கணக்கு என்னுடையது, மடிக்கணினி ஒன்று, திரை ஒன்று, தட்டச்சு செய்வதும் நான்தான். எந்தப் பிள்ளையின் பெயரும், பரிட்சைத் தாளின் படமும், மதிப்பெண்ணும் அதற்குள் போகாது. இதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். பெற்றோர் கூட்டத்திலும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தேன். "போன் வாங்கித் தரணுமா டீச்சர்?" என்பதுதான் அங்கே அதிகம் வந்த கேள்வி. வேண்டாம் என்றதும் பல முகங்களில் நிம்மதி தெரிந்தது. வகுப்பில் நெட் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் ஏஐ எழுதியதை வீட்டிலேயே எடுத்து, ஜெராக்ஸ் போட்டுத்தான் கொண்டுபோனேன்.

கேட்டதும் கிடைத்ததும்

முதல் முறை கேட்டது இவ்வளவுதான்: "ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக, ஆத்தங்குடித் தரைக்கல் எப்படிச் செய்யப்படுகிறது, அது ஏன் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுது."

வந்த பக்கம் படிக்க அழகாக இருந்தது. ஒற்றுப்பிழைகள் ஆங்காங்கே இருந்தாலும் நடை தங்குதடையில்லாமல் ஓடியது. உள்ளே இரண்டு இடத்தில் கோளாறு. உள்ளூர் மண்ணைப் பிசைந்து, வண்ணம் தீட்டி, சூளையில் அதிக வெப்பத்தில் சுடுவதால்தான் இந்தக் கல்லுக்குப் பளபளப்பு வருகிறது என்று எழுதியிருந்தது. கல் "குளிர்ச்சியை வெளியிடும் தன்மை கொண்டது" என்று இன்னொரு வாக்கியம். முதலாவது ஊர்ப் பிழை. இரண்டாவது அறிவியல் பிழை, குளிர்ச்சி என்று தனியாக வெளியே வருவதற்கு ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி எழுதுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவி ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. தரையில் பதிக்கும் கல் பற்றி உலகத்தில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி சூளையில் சுடும் செராமிக் கல்லைப் பற்றியது. ஆத்தங்குடி பற்றிய எழுத்து கொஞ்சம், அதிலும் தமிழில் இன்னும் கொஞ்சம். அதனால் "டைல்ஸ்" வந்ததும் பின்னாலேயே சூளை வந்துவிடுகிறது. ஊரைப் பற்றி எழுத்து குறைவாக இருக்கும் இடத்தில் அது பொதுவான கதையை இட்டு நிரப்பிவிடும். நம்மைப் போன்ற ஊர்களில் பாடம் நடத்துபவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டு பிழையையும் திருத்தாமல் அப்படியே அச்சடித்தேன். பிழை இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லவும் இல்லை. "இதை ஒரு ஏஐ கருவி எழுதியது. நாம் சரிபார்த்து முடிக்கும் வரை இது பாடம் இல்லை" என்று தாளின் தலைப்பில் மட்டும் போட்டேன்.

சாட்சித் தாள்

இந்த முயற்சியில் உருப்படியாகத் தேறியது இந்தத் தாள்தான், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஏஐ எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டேன். எதிரே மூன்று கட்டங்கள்: சாட்சி, சாட்சி சொன்னது, முடிவு. முடிவில் மூன்றே சொற்களுக்குத்தான் இடம்: சரி, தவறு, தெரியவில்லை.

சாட்சியாக எதை ஏற்பது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசித்தான் வகுத்தோம். பாடப்புத்தகம் என்றால் பக்க எண் வேண்டும். ஆள் என்றால், அவர் என்ன வேலை செய்கிறார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும், பெயர் தேவையில்லை. நாமே அளந்து பார்த்தது என்றால் எதைக் கொண்டு, எப்போது அளந்தோம் என்று எழுத வேண்டும். இணையத்தில் பார்த்தது என்றால் அதை எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும். இன்னொரு ஏஐ கருவி சொன்னது சாட்சி ஆகாது. இந்தக் கடைசி விதியைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி எழுத்தைப் படித்துப் பழகியவை, ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றதும் தடுமாற வாய்ப்பு அதிகம், இரண்டு பேர் சொன்னதாக அதை எண்ண முடியாது என்று விளக்கினேன்.

நான்கு நான்கு பேராக உட்காரவைத்தேன். படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க அப்பத்தா வீட்டுக்குப் பக்கத்துலதான் பட்டறை இருக்கு. அங்க சூளையே கெடையாதே."

பக்கத்துக் குழுவில் ஒரு பையன் விடவில்லை. "அச்சுல போட்டிருக்கே, அப்ப சரியாத்தான் இருக்கும். ஒங்க அப்பத்தா ஊர்ல வேணா இல்லாம இருக்கலாம்."

யார் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. "சாட்சி கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி, சனி ஞாயிறுக்கு விட்டுவிட்டேன். அச்சில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த நினைப்பை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். நாமே இத்தனை வருஷமாக ஊட்டி வளர்த்த பழக்கம் அது. ஏஐ வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு விலை கூடிவிட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்த மாணவி ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பட்டறையில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவரிடம் நின்று கேட்டிருக்கிறாள், அவர் செய்வதையும் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ உலோக அச்சு. சிமெண்ட்டில் வண்ணப் பொடி கலந்து, நீர்க்கக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு வண்ணமாகக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைக் கை ஆடாமல் தூக்கிவிட்டு, மேலே சிமெண்ட்டும் மணலும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்திச் சமன் செய்கிறார்கள். அப்புறம் காயவிடுவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது, வெயிலில் உலர்த்துவது. கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருந்த முகம்தான் கல்லின் மேல்பக்கம். பளபளப்பு கண்ணாடியால் வருகிறது, நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த இடத்தில் பாடம் தானாக வேதியியலுக்குள் போய்விட்டது. சுடாமல் கல் எப்படி இறுகுகிறது? சிமெண்ட்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகின்றன. அந்த வினையில் வெப்பமும் வெளியாகிறது. காய்ந்த கல்லை மறுபடி தண்ணீரில் போடுவதும் அந்த வினை தொடர்ந்து நடப்பதற்காகத்தான். புது வீட்டில் தளம் போட்டதும் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்வதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்ததும் வகுப்பில் ஒரே சத்தம். சூளை வாக்கியத்துக்கு எதிரே அத்தனை குழுக்களும் "தவறு" என்று எழுதின, சாட்சியோடு. எதிர்த்துப் பேசிய பையனின் குழுவும் எழுதியது.

தரையும் பாயும்

"குளிர்ச்சியை வெளியிடும்" என்ற வாக்கியத்துக்கு ஆளைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. யாரைக் கேட்டாலும் ஆமாம், குளிர்ச்சிதான் என்பார்கள். அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் இருந்து சாதாரண வெப்பமானிகள் எடுத்தோம். முதல் நாள் சாயங்காலமே வகுப்பறைத் தரையில் வெயில் படாத மூலையில் ஒரு கோரைப்பாயை விரித்து விட்டுவிட்டோம். பக்கத்தில் ஓர் ஆத்தங்குடிக் கல்லையும் வைத்தோம், வீட்டில் மிச்சம் கிடந்தது என்று ஒரு பிள்ளை கொண்டுவந்தது. மறுநாள் காலை முதல் மணியில், வெயில் ஏறும் முன், கல்லின் மேல் ஒன்று, பாயின் மேல் ஒன்று என்று வெப்பமானிகளைக் கிடத்தி, குமிழின் மேல் மடித்த துணியை வைத்து மூடினோம். துணி இல்லாவிட்டால் குமிழ் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் காட்டும். கையால் குமிழைத் தொடவும் கூடாது, இதை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் எல்லோரையும் கல்லில் ஒரு கால், பாயில் ஒரு கால் வைத்து நிற்கச் சொல்லி, எது குளிர்ச்சி என்று எழுதச் சொன்னேன். கல்தான் என்று அத்தனை பேரும் எழுதினார்கள். பிறகு வெப்பமானியைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. வெப்பமானி கெட்டுப்போச்சு என்றார்கள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம், அப்போதும் அதேதான்.

இரண்டின் வெப்பநிலையும் ஒன்று, ஆனால் கால் சொல்வது வேறு. நம் உடம்பு தரையைவிடச் சூடானது. கல் நம் காலில் இருந்து வெப்பத்தைச் சீக்கிரமாகக் கடத்திக்கொண்டு போகிறது, பாய் மெதுவாகக் கடத்துகிறது. வெப்பம் வெளியேறும் வேகத்தைத்தான் கால் குளிர்ச்சியாக உணர்கிறது. புத்தகத்தில் உள்ள வெப்பக் கடத்தலை இதற்கு முன்னும் கரண்டியையும் மெழுகையும் வைத்துப் பலமுறை நடத்தியிருக்கிறேன். இந்த அளவுக்குப் பிள்ளைகள் வாதாடிப் பார்த்ததில்லை. தவறான ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து, அதை உடைத்துக் காட்டு என்று சொல்வதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மத்தியானத்தில் இதைச் செய்யாதீர்கள். கனமான தரை காற்றை விட மெதுவாகச் சூடேறும், பாயின் மேற்பரப்பு சீக்கிரம் ஏறிவிடும், அளவுகள் மாறிப்போகும். அதுவும் நல்ல பாடம்தான், ஆனால் அடுத்த பாடம்.

இரண்டாம் முறை: ஐந்நூறு வயதுக் கல்

பிள்ளைகள் சேகரித்த செய்முறையையும் வெப்பமானி அளவையும் அப்படியே கருவிக்குக் கொடுத்து, "இதில் உள்ளதை மட்டும் வைத்து எழுது, புதிதாகத் தகவல் எதையும் சேர்க்காதே" என்று கேட்டேன். இந்த முறை வகுப்பில் திரையிலேயே செய்தேன், அன்று நெட் கைகொடுத்தது. சூளை காணாமல் போனது. கடத்தல் விளக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் சேர்க்காதே என்று சொல்லியும் முதல் வரியில் "500 ஆண்டுகள் பழமையான பாரம்பரியம்" என்று ஒரு தொங்கட்டான்.

இதை மடக்கியது அச்சில் இருந்தால் சரிதான் என்று முன்பு வாதாடிய அதே பையன். "டீச்சர், சிமெண்ட் எப்பக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-ல் என்று சொன்னேன். அவன் நோட்டில் கழித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சிமெண்ட் கல்லுக்கு ஐந்நூறு வயசு எப்படி ஆகும்?" என்றான். ஆகாதுதான். இந்தத் திருத்தத்துக்கு ஆளும் தேவைப்படவில்லை, அளவும் தேவைப்படவில்லை, இரண்டு தகவலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று அவனே கண்டுபிடித்தான். சாட்சித் தாளில் "கணக்குப் போட்டது" என்று ஐந்தாவதாக ஒரு சாட்சி வகை அன்றுதான் சேர்ந்தது.

மதிப்பெண், வீட்டுப்பாடம்

விடைத்தாள் திருத்த ஏஐ உதவுமா என்று சோதிக்க, நானே மாணவர் எழுதுவது போல ஒரு விடை எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரே விடைக்கு ஒரு முறை ஒரு மதிப்பெண், மறுபடி கேட்டால் வேறு மதிப்பெண். ஒவ்வொரு சொல்லையும் வாய்ப்புகளில் இருந்து தேர்ந்தெடுப்பதால் ஒரே கேள்விக்கு ஒரே பதில் வரும் என்ற உறுதி கிடையாது. பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான். அந்த வேலையை அதனிடம் கொடுப்பதில்லை என்று அத்தோடு முடித்துக்கொண்டேன்.

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், "பிள்ளைங்க ஏஐகிட்ட எழுதி வாங்கிட்டு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது டீச்சர்? அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்காமே." இருக்கிறது, ஆனால் நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை இத்தகைய கருவிகள் ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுபவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள். நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். உண்மையாக உழைத்து எழுதிய பிள்ளையிடம் "இது நீ எழுதியது இல்லை" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அந்தக் காயம் சுலபத்தில் ஆறாது.

அதனால் நான் செய்வது: முதல் வரைவு வகுப்பில், கையால். வீட்டில் செய்து வருவது எதுவானாலும் அதிலிருந்து இரண்டு கேள்வி வாய்வழியாகக் கேட்பேன். ஏஐ உதவி வாங்கியிருந்தால் எங்கே என்று ஓரத்தில் எழுதலாம், அதற்காக மதிப்பெண் குறையாது, ஆனால் அந்த வரிக்கும் சாட்சி வேண்டும். பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுதியதைத் தன் வாயால் சொல்ல முடிந்த பிள்ளைக்கு அது சொந்தமாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏஐ எனக்கு உண்மையாகவே கைகொடுத்த இடங்களும் உண்டு. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்காக, நாங்கள் திருத்தி முடித்த பாடத்தையே சின்ன வாக்கியங்களில் மாற்றித் தரச் சொன்னேன், நன்றாகச் செய்தது. கடத்தல் பற்றி மாணவர்கள் வழக்கமாகத் தவறாக நினைப்பவற்றை வைத்துச் சரியா தவறா கேள்விகள் கேட்டேன், நான் யோசிக்காத இரண்டு வந்தன. ராத்திரி உட்கார்ந்து வினாத்தாளின் மூன்று வடிவங்களை எழுதும் வேலை பாதியாகக் குறைந்தது. அந்த நேரத்தைப் பிள்ளைகளின் சாட்சித் தாள்களைப் படிக்கச் செலவிடுகிறேன். எண்கள் வரும் கணக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக நானே போட்டுப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.

திருத்தி முடித்த பாடத்தை இப்போது வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், சாட்சிகளின் பட்டியலோடு. அடுத்ததாக எடுத்திருப்பது செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்ததால்தான் சுவர்கள் அப்படி வழவழவென்று இருக்கின்றன என்று ஏஐ எழுதித் தந்திருக்கிறது. ஊரிலும் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், ஆனால் தன் கையால் அரைத்துப் பூசியவர் என்று இதுவரை யாரும் அகப்படவில்லை. அந்த வாக்கியத்துக்கு எதிரே பிள்ளைகள் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வயதான கொத்தனார் ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வகுப்புக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறோம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு ஏஐ உதவி வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.